செர்ஜியோ வியெரா டி மெல்லோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இவர்?

பிரேசில்காரர். ஐ.நா.வில் ஏறக்குறைய 34 வருடம் வேலை பார்த்தவர். 2003 ஆகஸ்ட் 19 அன்று பாக்தாதில் ஐ.நா. அலுவலகமாக இருந்த கனால் ஹோட்டல் மீது வெடிபொருள் ஏற்றிய லாரியை விட்டுத் தாக்கியபோது இறந்த 22 பேரில் ஒருவர். அப்போது அவருக்கு 55 வயது. ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னானின் சிறப்புப் பிரதிநிதியாக ஈராக்கில் இருந்தார். அதே நேரத்தில் ஐ.நா.வின் மனித உரிமை உயர் ஆணையர் என்ற பதவியும் அவர் கையில்தான் இருந்தது, ஈராக்குக்காக நான்கு மாதம் விடுப்பில் வந்திருந்தார். எதிர்காலத்தில் பொதுச்செயலாளராக வரக்கூடியவர் என்று பலரும் பேசிக்கொண்ட ஆள்.

தமிழில் இவரைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை. எழுதியவற்றிலும் பெரும்பாலும் அஞ்சலி வாடைதான். அதனால் கேட்கப்படும் கேள்விகளை எடுத்துக்கொண்டு தெரிந்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

பிரேசில் நாட்டுத் தூதரா இவர்?

இல்லை. அப்பா அர்னால்டோ பிரேசில் வெளியுறவுத் துறையில் இருந்தவர், 1969-ல் அங்கிருந்த ராணுவ ஆட்சி அவரைக் கட்டாய ஓய்வில் அனுப்பிவிட்டது. மகன் எந்த நாட்டுக்கும் தூதராக இருந்ததே இல்லை. ஐ.நா. ஊழியராக மட்டுமே இருந்தார், அதாவது எந்த அரசிடமும் உத்தரவு வாங்கக் கூடாது என்ற விதிக்குக் கட்டுப்பட்டவர். அப்பாவுக்கு நடந்ததைப் பார்த்துதான் மகன் பிரேசில் அரசு வேலைப் பக்கமே போகவில்லை என்று சொல்வார்கள், அது நியாயமான ஊகம்தான்.

எப்படி இந்த வேலைக்கு வந்தார்?

1948 மார்ச் 15-ல் ரியோ டி ஜெனிரோவில் பிறந்தார். பாரிஸில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தார். 1968 மாணவர் கிளர்ச்சியில் தெருவில் இறங்கியவர், போலீஸ் தடியடியில் கண்ணுக்கு மேலே பட்ட தழும்பு கடைசி வரை இருந்தது. அடுத்த வருடம் ஜெனீவாவில் ஐ.நா. அகதிகள் உயர் ஆணையர் அலுவலகத்தில் ஆவணங்களைத் திருத்தும் சின்ன வேலையில் சேர்ந்தார். முதலாளித்துவத்தை ஒழிக்க வேண்டும் என்று கோஷம் போட்ட பையன் அடுத்த வருடமே கோட்டு போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனதைக் கிண்டலடிக்கலாம்தான், ஆனால் அவர் படிப்பையும் விடவில்லை. வேலை பார்த்துக்கொண்டே இரண்டு முனைவர் பட்டம், அதில் இரண்டாவது 1985-ல், அதுவும் தத்துவத்தில்.

1971-ல், வங்கதேசப் போர் சமயத்தில், 23 வயதில் டாக்கா. இந்தியாவுக்குள் வந்திருந்த சுமார் ஒரு கோடி அகதிகள் போர் முடிந்ததும் திரும்பிப் போன காலம் அது. அங்கே அவருக்கு மேலதிகாரியும் குருவுமாக இருந்தவர் தாமஸ் ஜேமிசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், மேஜை வேலையை அறவே வெறுத்தவர். அப்புறம் சூடான், சைப்ரஸ், மொசாம்பிக், பெரு என்று வரிசையாகப் போனார். மொசாம்பிக்கில் இருந்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை, ஆனால் அங்கே அலுவலகத்தை நடத்தும் பொறுப்பு தலையில் விழுந்தது.

இவருடைய பெரிய சாதனை என்று எதைச் சொல்லலாம்?

கிழக்கு திமோர் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். என்னைக் கேட்டால் கம்போடியா.

1992-ல் தாய்லாந்து எல்லை முகாம்களில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கம்போடியர்கள் இருந்தார்கள். பலர் பத்து வருடத்துக்கு மேல் அங்கேயே. குழந்தைகளில் பெரும்பாலோர் சொந்த நாட்டைப் பார்த்ததே இல்லை. 1993 மே மாதம் தேர்தல், அதற்குள் எல்லோரையும் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முதல் திட்டம் என்னவென்றால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு ஹெக்டேர் நிலம். கேட்க நன்றாக இருக்கும். களத்தில் போய்ப் பார்த்தால் நல்ல நிலத்தில் எல்லாம் கண்ணிவெடி, வெடி இல்லாத இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள். வாக்குறுதி கொடுத்தாயிற்று, நிலம் இல்லை.

இவர் என்ன செய்தார் என்றால் வாக்குறுதியைக் கட்டிக்கொண்டு அழவில்லை. நிலம் வேண்டாம் என்பவர்களுக்குக் கையில் ரொக்கம், பெரியவர்களுக்கு 50 டாலர், பிள்ளைகளுக்கு 25 டாலர், கூடவே ரேஷன், விருப்பப்பட்ட ஊருக்குப் போய்க்கொள்ளலாம் என்று திட்டத்தையே மாற்றிவிட்டார்கள். பெரும்பாலான குடும்பங்கள் அதைத்தான் எடுத்துக்கொண்டன. வளர்ச்சி நிபுணர்கள் முகம் சுளித்தார்கள், பணத்தைக் கொடுத்தால் செலவழித்துவிடுவார்கள் என்றார்கள். ஆனால் முகாமில் பத்து வருடம் வரிசையில் நின்று அரிசி வாங்கின மனிதனுக்குத் தன் ஊர் எது என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைத்தது, அது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. தேர்தலுக்கு முன்னால் ஏறக்குறைய எல்லோரும் திரும்பிவிட்டார்கள். ஐ.நா. வரலாற்றில் இவ்வளவு பேரை, இவ்வளவு சுருக்கமான காலத்தில், பெரிய உயிர்ச்சேதம் இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்த வேலை அதிகம் கிடையாது.

கெமர் ரூஜுடன் கை குலுக்கினார் என்கிறார்களே?

ஆமாம், செய்தார். முகாம்களில் சில, 1975 முதல் 1979 வரை கம்போடியாவை ஆண்ட கம்யூனிஸ்ட் இயக்கமான கெமர் ரூஜ் கட்டுப்பாட்டில் இருந்தன, திரும்பிப் போகிறவர்களில் சிலர் போக வேண்டிய இடமும் அவர்கள் கையில்தான். மற்ற ஐ.நா. அதிகாரிகள் போகாத அவர்களது பகுதிக்கு 1992-ல் இவர் நேரில் போனார், இயெங் சாரியைச் சந்தித்தார். பதினேழு லட்சம் பேர்வரை சாகக் காரணமான கும்பலின் தலைவர்களில் ஒருவர் அவர், அதன் தலைவர் போல் பாட்டுக்குச் சகலை முறை.

இவருடைய வாழ்க்கை முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் போகிறது என்று நினைக்கிறேன். யாரோடும் உட்கார்ந்து பேசுவார். சிரிப்பார், தோளில் கை போடுவார், எதிராளியின் மொழியிலேயே பேசப் பார்ப்பார். போர்ச்சுகீசியம், பிரெஞ்சு, ஆங்கிலம், ஸ்பானியம், இத்தாலியம் என்று ஐந்து மொழிகள் சரளம், அதுபோகக் கொஞ்சம் அரபு. சட்டை மடிப்பு கலையாது. எதிரே இருப்பவன் கொலைகாரனாக இருந்தாலும் அவனிடமிருந்து சாலையைத் திறக்க ஒரு கையெழுத்து வேண்டும் என்றால் அதைத்தான் முதலில் வாங்க வேண்டும் என்பது அவர் கணக்கு. கம்போடியாவில் கணக்கு சரியாக வந்தது. எல்லா இடத்திலும் வரவில்லை.

எங்கே வரவில்லை?

போஸ்னியா. 1993–94-ல் அங்கே ஐ.நா. அமைதிப் படையின் அரசியல் பிரிவில் இருந்தார். சரயேவோ முற்றுகையில் இருக்கிறது, மலைமேலிருந்து செர்பியப் பீரங்கிகள் சுட்டுக்கொண்டிருக்கின்றன, இவர் செர்பியத் தலைவர்களோடு உட்கார்ந்து பேசுகிறார். பாரபட்சம் இல்லாமல் இருப்பது என்பதை அவர் அந்தக் காலத்தில் எந்த அளவுக்கு எடுத்துக்கொண்டார் என்றால், கூட வேலை பார்த்தவர்களே அவர் பெயரைத் திருகி 'செர்பியோ' என்று கூப்பிட்டார்கள். 1994 ஏப்ரலில் கொராஷ்டே நகரத்துக்கு நேரில் போனார், தைரியத்துக்குக் குறைவில்லை. ஆனால் அடிக்கிறவனையும் அடி வாங்குகிறவனையும் ஒரே தட்டில் வைத்தால் அடிக்கிறவனுக்குத்தான் லாபம் என்பது அடுத்த வருடம் செர்பியப் படைகள் ஆயிரக்கணக்கான போஸ்னிய முஸ்லிம்களைக் கொன்ற ஸ்ரெப்ரெனிட்சாவில் எல்லோருக்கும் விளங்கியது. அப்போது இவர் அங்கே இல்லை.

இன்னொன்று இதைவிடக் குறைவாகப் பேசப்படுவது, ஆனால் எனக்கு உறுத்துவது. 1996 டிசம்பரில் டான்சானியாவில் இருந்த ருவாண்டா அகதிகள் அந்த வருட முடிவுக்குள் திரும்பிப் போக வேண்டும் என்று டான்சானியா அரசும் அகதிகள் ஆணையமும் சேர்ந்தே அறிக்கை விட்டன. நாலைந்து லட்சம் பேர். ராணுவத்தை விட்டு எல்லைப் பக்கம் தள்ளினார்கள். அந்தப் பிராந்தியத்துக்கு மனிதாபிமான ஒருங்கிணைப்பாளராக அப்போது இருந்தவர் செர்ஜியோ. அகதியை விருப்பமில்லாமல் திருப்பி அனுப்பக் கூடாது என்பதுதான் அந்த அமைப்பின் அடிப்படை விதி, அதை அந்த அமைப்பே விட்டுக்கொடுத்தது. முகாம்களில் 1994-ல் ருவாண்டாவில் இனப்படுகொலை செய்தவர்களும் ஒளிந்திருந்தார்கள், டான்சானியா எப்படியும் துரத்தத்தான் போகிறது, எதிர்த்தால் மேற்பார்வைகூட இல்லாமல் போகும் என்று வாதாடலாம். வாதாடியும் இருக்கிறார்கள். மனித உரிமை அமைப்புகள் ஏற்கவில்லை.

கொசோவோவில் ஏதோ செய்தாராமே?

1999 மே மாதம், நேட்டோ விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு குழுவோடு யுகோஸ்லாவியாவுக்குள் போய், கொசோவோவில் எரிக்கப்பட்ட கிராமங்களைப் பார்த்துவிட்டு வந்து, அங்கே நடப்பது இனத் துடைத்தெறிப்பு என்று ஐ.நா.வில் வெளிப்படையாகச் சொன்னார். போஸ்னியாவில் பேசாத மாதிரி இங்கே பேசினார். போர் முடிந்ததும் சில வாரம் அங்கே தற்காலிக நிர்வாகி.

கிழக்கு திமோரை 'ஆண்டார்' என்பது உண்மையா?

கிட்டத்தட்ட உண்மை. 1999 ஆகஸ்ட் 30 வாக்கெடுப்பில் 78.5 சதவீதம் பேர் இந்தோனேசியாவிலிருந்து பிரிய வேண்டும் என்று வாக்களித்தார்கள். உடனே இந்தோனேசிய ராணுவத்தின் ஆதரவு பெற்ற கும்பல்கள் நாட்டைக் கொளுத்தின. தலைநகர் டிலியில் கூரையோடு நிற்கும் கட்டிடத்தைத் தேட வேண்டிய நிலை. அக்டோபரில் பாதுகாப்பு அவை 1272-ஆம் தீர்மானம் போட்டு, சட்டம் போடும் அதிகாரம், நிர்வாகம், நீதித் துறை எல்லாவற்றையும் ஐ.நா.விடம் ஒப்படைத்தது. அதை நடத்தியவர் செர்ஜியோ. காலனிக் காலத்து ஆளுநருக்குக்கூட மேலே ஒரு மந்திரி இருந்திருப்பார்.

முதல் சில மாதங்கள் சரியாகப் போகவில்லை. வெளிநாட்டுக்காரர்களுக்குச் சம்பளமும் வண்டியும், உள்ளூர்க்காரர்களுக்கு வேலையில்லை. அலுவலகங்களில் போர்ச்சுகீசியமும் ஆங்கிலமும், தெருவில் உள்ளூர் மொழியான தேத்தும். ஷனானா குஸ்மாவோ போன்ற விடுதலைப் போராட்டத் தலைவர்கள் கடுப்பாகிவிட்டார்கள், இத்தனை வருடம் காட்டில் போராடினது இதற்கா என்று. இங்கே அவருக்கு ஒரு நல்ல குணம் கைகொடுத்தது, அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. 2000 ஜூலையில் திமோர்க்காரர் நான்கு பேர், வெளியார் நான்கு பேர் என்று ஓர் அமைச்சரவை போட்டார். இதைவிட வேகமாகக் கொடுத்திருக்கலாம் என்பவர்கள் இன்றும் உண்டு.

கடலடி எண்ணெய், எரிவாயு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. ஆஸ்திரேலியாவும் இந்தோனேசியாவும் முன்பு செய்த ஒப்பந்தத்தில் பாதிக்குப் பாதி என்று இருந்தது. ஐ.நா. நிர்வாகம் திமோர்த் தலைவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து பேசி, 2001 ஜூலையில் கூட்டுப் பகுதி வருமானத்தில் 90 சதவீதம் திமோருக்கு என்று ஆஸ்திரேலியாவை ஒப்புக்கொள்ள வைத்தது. ஒரு ஐ.நா. நிர்வாகம் தன் கையில் இருக்கும் நாட்டுக்காகப் பணக்கார நாட்டோடு மல்லுக்கட்டியது அபூர்வம். 2002 மே 20 அன்று திமோர் சுதந்திர நாடானது. விழாவுக்கு இந்தோனேசிய அதிபர் மேகவதியும் வந்தார்.

ஈராக்குக்கு விரும்பியா போனார்?

விரும்பவில்லை. மனித உரிமை உயர் ஆணையராகப் பதவியேற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. அமெரிக்கா பாதுகாப்பு அவையின் அனுமதி இல்லாமல் ஈராக்கில் நுழைந்தது, பின்னர் 2003 மே 22-ல் 1483-ஆம் தீர்மானத்தின்படி ஐ.நா.வுக்கும் ஏதோ ஒரு வேலை என்று ஒதுக்கப்பட்டது. தீர்மானத்தைப் படித்துப் பார்த்தால் அதிகாரம் எல்லாம் ஆக்கிரமிப்பு நாடுகளிடம், ஐ.நா.வுக்கு ஊக்குவிப்பது, உதவுவது, ஒருங்கிணைப்பது மாதிரியான வினைச்சொற்கள். வாஷிங்டன் இவரைத்தான் கேட்டது. அன்னானும் தயங்கித்தான் அனுப்பினார். நான்கு மாதம் மட்டும் என்று பேச்சு. ஜூன் 2-ல் பாக்தாத் போய் இறங்கினார்.

போனதும் செய்த முதல் வேலை வழக்கம்போலத்தான்: ஊர் ஊராகப் போய் எல்லோரையும் பார்ப்பது. நஜஃபில் ஷியா முஸ்லிம்களின் மூத்த மதத் தலைவர் அயதுல்லா சிஸ்தானியைச் சந்தித்தார், அமெரிக்க நிர்வாகி பால் பிரெமரைப் பார்க்க மறுத்துவிட்ட மனிதர் அவர். பிரெமர் வெறும் ஆலோசனைக் குழு ஒன்றைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். ஈராக்கியர்கள் கையில் கொஞ்சமாவது அதிகாரம் இருக்க வேண்டும், பெயரிலேயே அது தெரிய வேண்டும் என்று இவர் வற்புறுத்தினார். ஜூலை 13-ல் 25 பேர் கொண்ட ஆளும் குழு அமைந்தது. அதனால் ஐ.நா.வுக்கு என்ன கிடைத்தது? அமெரிக்காவின் ஏற்பாட்டுக்கு முத்திரை குத்திய அமைப்பு என்ற பெயர். இதை அவரும் உணர்ந்திருந்தார், ஆக்கிரமிப்பு எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ அவ்வளவு நல்லது என்று ஜூலை முதலே பேசிக்கொண்டிருந்தார்.

பாதுகாப்பு இல்லையா அங்கே?

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதும்போதே எரிச்சல் வருகிறது. ஐ.நா. பச்சை மண்டலம் என்ற, அமெரிக்க நிர்வாகம் இருந்த பலத்த காவல் பகுதிக் கோட்டைக்குள் போய் உட்கார விரும்பவில்லை, சாதாரண ஈராக்கியன் நடந்து வந்து பேசக்கூடிய இடமாக இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். அதனால் வாசலில் நின்ற கனமான அமெரிக்கக் காவலைக் குறைக்கச் சொன்னார்கள். அது வரைக்கும் புரிகிறது, மதிக்கவும் செய்கிறேன். ஆனால் ஜன்னல் கண்ணாடிச் சில்லுகள் பறக்காமல் தடுக்கும் ஒட்டுத் தாளைக்கூட ஒட்டி முடிக்கவில்லை. அதற்கும் ஈராக்கியர் வந்து பேசுவதற்கும் என்ன சம்பந்தம்? ஆகஸ்ட் 7-ல் பாக்தாதின் ஜோர்டான் தூதரகத்தில் குண்டு வெடித்தது. அதற்கு அப்புறமும் இவர் அறைக்கு நேர் கீழே போன சந்து அடைக்கப்படவில்லை. லாரி அந்தச் சந்து வழியாகத்தான் வந்தது.

பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்த்தி அத்திசாரி தலைமையில் விசாரித்த குழு, ஐ.நா.வின் பாதுகாப்பு ஏற்பாடு செயலற்றுக் கிடந்தது என்று அக்டோபரிலேயே அறிக்கை கொடுத்தது. துணைப் பொதுச்செயலாளர் லூயிஸ் ஃபிரெஷெத் ராஜினாமா கடிதம் கொடுத்தார், அன்னான் ஏற்கவில்லை. பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரை 2004-ல் பதவி விலகச் சொன்னார்கள். பாதுகாப்புக்கென்று தனித் துறை 2005-ல் வந்தது.

அன்று என்ன நடந்தது? உடனே இறந்துவிட்டாரா?

உடனே இல்லை. அதுதான் கொடுமை. மாலை நாலரை மணி வாக்கில் வெடித்தது. அகதிகள் பற்றி ஆய்வு செய்யும் ஆர்தர் ஹெல்டன், கில் லோஷர் ஆகியோரோடு தன் அறையில் பேசிக்கொண்டிருந்தார். கட்டிடத்தின் அந்த மூலை அப்படியே சரிந்தது. ஹெல்டன் இறந்துவிட்டார். லோஷரும் செர்ஜியோவும் இடிபாட்டுக்குள் உயிரோடு சிக்கிக்கொண்டார்கள்.

உலகத்திலேயே அதிகம் செலவு செய்யும் ராணுவம் நகரத்தில் நிற்கிறது, ஆனால் கான்கிரீட்டைத் தூக்கவோ அறுக்கவோ சரியான கருவி வந்து சேரவில்லை. வில்லியம் வான் ஸேலே, ஆந்த்ரே வாலன்டைன் என்ற இரண்டு அமெரிக்க வீரர்கள், சொந்த ஊரில் மீட்புப் பணி பார்த்த அனுபவம் உள்ளவர்கள், பலகைகளுக்கு இடையே இருந்த குறுகலான பொந்தில் தலைகீழாக இறங்கினார்கள். இடிபாட்டை வெளியேற்ற அவர்களிடம் இருந்தது ஒரு பெண்ணின் கைப்பையும் திரைச்சீலைக் கயிறும். பையில் கல்லை நிரப்புவது, மேலே இருப்பவர்கள் கயிற்றால் இழுத்துக் கொட்டுவது, மறுபடி இறக்குவது. லோஷரின் இரண்டு கால்களையும் அங்கேயே அறுத்து எடுத்துத்தான் அவரை வெளியே கொண்டுவர முடிந்தது. அவர் பிழைத்தார், பல வருடம் வாழ்ந்து 2020-ல் காலமானார். செர்ஜியோ அவருக்கும் கீழே இருந்தார், சுயநினைவோடு பேசிக்கொண்டிருந்தார், கூட இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று மணி நேரத்துக்கும் மேல் அப்படி இருந்து இறந்துபோனார்.

கூட இறந்தவர்களைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. அவருடைய அலுவலகத் தலைவர் நாடியா யூனிஸ் எகிப்தியர். யூனிசெஃப்பின் கிறிஸ் கிளைன்-பீக்மன் கனடாக்காரர். ஈராக்கியர்கள் பலர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயம்.

யார் செய்தது? ஏன் ஐ.நா.வை?

ஜோர்டானைச் சேர்ந்த தீவிரவாதி அபு முஸாப் அல்-ஸர்காவியின் குழு. இதில் பங்கிருந்ததாக ஒப்புக்கொண்ட ஒருவரை ஈராக் அரசு 2007-ல் தூக்கிலிட்டது. ஐ.நா. ஆக்கிரமிப்புக்குத் துணை போகிறது என்பது ஒரு காரணம். செர்ஜியோவைக் குறிவைத்ததற்குச் சொன்ன இன்னொரு காரணம், முஸ்லிம் நாடான இந்தோனேசியாவிலிருந்து கிழக்கு திமோரைப் பிரித்தவர் அவர் என்பது. அவர் டிலியில் கால் வைக்கும் முன்பே திமோர் மக்கள் வாக்களித்து முடித்துவிட்டார்கள் என்பதைப் பற்றி அவர்களுக்கு அக்கறை இல்லை. யாரோடும் பேசலாம் என்று வாழ்ந்தவருக்கு எதிரே, பேச்சுக்கே வராத ஒரு கூட்டம்.

எங்கே அடக்கம் செய்தார்கள்?

உடல் முதலில் ரியோவுக்குப் போனது, பிரேசில் அரசு மூன்று நாள் துக்கம் அறிவித்தது. பிறகு ஜெனீவாவின் மன்னர்கள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். எழுத்தாளர் போர்ஹெஸும் அங்கேதான் இருக்கிறார். ஆகஸ்ட் 19-ஐ உலக மனிதநேய தினமாக 2008 டிசம்பரில் ஐ.நா. பொது அவை அறிவித்தது.

அதற்குப் பிறகு ஐ.நா. ஈராக்கில் இருந்ததா?

2003 செப்டம்பர் 22-ல் அதே கட்டிடத்தின் அருகே இன்னொரு குண்டு, அதோடு வெளிநாட்டு ஊழியர்களைப் பெரும்பாலும் வெளியேற்றிவிட்டார்கள். 2004-ல் மறுபடி வந்தார்கள், இந்த முறை பச்சை மண்டலத்துக்குள். வெளியே போக வேண்டுமென்றால் கவச வண்டி, துணைக்குக் காவல், முன்கூட்டியே அனுமதி. ஈராக்கியன் நடந்து வந்து பேசக்கூடிய அலுவலகம் என்ற யோசனை அத்தோடு போயிற்று. அவர் இறப்பதற்கு ஐந்து நாள் முன்பு பாதுகாப்பு அவையின் 1500-ஆம் தீர்மானத்தால் உருவான ஐ.நா.வின் ஈராக் உதவிப் பணிக்குழு, ஈராக் அரசே கேட்டுக்கொண்டதன் பேரில், 2025 டிசம்பர் 31-ஐக் கடைசி நாளாக வைத்து மூடப்பட்டது.